நம்பர் கேட்ட வண்டி

கவனித்தீர்களா தம்பி? என் போனை என் கையிலிருந்து வாங்கி, அதில் வந்திருந்த நாலு நம்பரை அவளே உங்களிடம் சொல்லிவிட்டாள். "அப்பா, குடுங்க" என்றாள். வாங்கினாள். சொன்னாள். திருப்பி என் சட்டைப் பையில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் உடனே அதைத் தட்டி வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வேலை அது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் மாட்டியிருக்கிற அட்டையில் இருப்பது நீங்கள்தானா? அதில் மீசை இருக்கிறதே. எடுத்துவிட்டீர்களா? எதற்கு எடுத்தீர்கள்? சரி, விடுங்கள். முனிராஜ். ஓசூர்ப் பக்கமா? அதுதான் தமிழ் நன்றாக வருகிறது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பிவிட முடியாது, அது வேறு விஷயம்.

என் பெயர் குற்றாலலிங்கம். ஊர் கோவில்பட்டி. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த பாங்க் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு என் மகளுக்குக் கல்யாணம். ஆமாம், இப்போது வண்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாளே, அவள்தான். செண்பகவல்லி. ஒரே பெண். அவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான்தான் வளர்த்தேன். கல்யாணம் முடிந்ததும் அப்பாவை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்புகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. நான்தான் தங்க மாட்டேன் என்றேன். ஆனாலும் கேளுங்கள். காலையிலிருந்து எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு இதில் எந்த லாபமும் இல்லை. இல்லைதானே? மாப்பிள்ளை வீட்டாரை உங்களுக்கு முன்பே தெரியாதே? நல்லது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வேலையில் இருந்த கடைசிச் சில வருடங்களில் எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்லூரியோ, தீப்பெட்டி ஆபீஸோ, எங்கே கூட்டம் போட்டாலும் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். போனில் பேசி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து தப்பிப்பது எப்படி என்பதுதான் பேச்சு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குச்சி அடுக்கும் கட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பார்கள். நான் சும்மா பேசிவிட்டு வந்துவிட மாட்டேன். திருப்பிச் சொல்ல வைப்பேன்.

"போனில் வரும் நம்பரை யார் கேட்டாலும்?" என்பேன்.

"சொல்ல மாட்டோம்!" என்பார்கள்.

"போலீஸ் கேட்டால்?"

"சொல்ல மாட்டோம்!"

"பெற்ற பிள்ளை கேட்டால்?"

"சொல்ல மாட்டோம் சார்!"

கட்டடமே அதிரும். அப்படிப்பட்ட ஆள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

செண்பகம் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தாள். வந்த இடத்தில் ஒரு பையனைப் பார்த்துவிட்டாள். சுஹாஸ். வேறு ஊர், வேறு பாஷை. நான் ஒன்றும் பழைய காலத்து ஆள் இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரிக்கலாம் என்றுதான் சொன்னேன். பெண்ணைக் கொடுக்கிறவன் விசாரிக்காமல் இருப்பானா? பையனுடைய ஆபீசுக்குப் போன் செய்தேன். "பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்களிடம் வேலை செய்யும் சுஹாஸ் என்பவர் கடன் கேட்டிருக்கிறார், அவருக்கு வேலை நிரந்தரமா, ஒழுங்காக வருகிறாரா, முன்னால் ஏதாவது புகார் உண்டா" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவர்கள் நேராக அவனையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். அவன் எந்தக் கடனும் கேட்கவில்லையாம். யாரோ தன் பெயரில் மோசடி செய்வதாகப் பயந்துபோய்ப் போலீசில் எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறான். என் நம்பரைப் பார்த்ததும் செண்பகம்தான் தடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "நீங்க ஊர் ஊராப் போயி யாரைப் பத்தி எச்சரிக்கை பண்றீங்களோ, அந்த ஆளு நீங்கதாம்ப்பா" என்றாள். பெற்ற அப்பாவிடம் பேசும் பேச்சா இது? நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்?

பிறகு வைரவன் வந்தான். வைரவன் என் மச்சினன், செண்பகத்துக்குத் தாய்மாமன். கையில் பத்திரிகை.

"அத்தான், தேதி வச்சாச்சு. பங்களூர்ல. ஓட்டல்ல கீழ மண்டபம், மேல ரூம்பு. நீங்க வந்துதான் தாரை வார்த்துக் குடுக்கணும்னு பிள்ளை சொல்லுது."

"நான் வராட்டா?"

"வராட்டா நான் குடுக்கேன். தாய்மாமன் குடுத்தாலும் செல்லும்னு அய்யரு சொல்லிட்டாரு. ஆனா பிள்ளை உங்களைத்தான் கேக்கு."

யோசித்துப் பார்த்தேன். பெண்ணின் கையைப் பிடித்து நீர் வார்த்துக் கொடுப்பது அப்பன் செய்கிற காரியம். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வருகிறேன் என்றேன். ஆனால் ஒரே நிபந்தனை. காலை விமானத்தில் வருவேன், சாயங்கால விமானத்தில் திரும்பிவிடுவேன். ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன்.

அவள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். டிக்கெட் வந்தது. குளித்து வேட்டி மாற்றிக்கொள்ள ஓட்டலில் ஒரு அறை. விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குத் தனி வண்டி. நான் வைரவனிடம் கேட்டேன்: "தனி வண்டி எதுக்கு? பொண்ணோட அப்பன் வர்றேன். மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் வந்து நிக்கக் கூடாதா? நீ வரக் கூடாதா?"

"யாராவது தெரிஞ்ச ஆள் வந்தா வழியெல்லாம் அவரைக் குடைஞ்சு எடுத்துருவீங்க. மண்டபத்துக்கு வரும்போது சண்டையோடதான் வருவீங்க. அதான் தெரியாத ஆளாப் பாத்து அனுப்புது" என்றான். எப்படிப் பேசுகிறான் பாருங்கள். வழியில் ஒருவரிடம் நாலு கேள்வி கேட்பது தப்பா?

சரி. இன்று காலை வந்து இறங்கினேன். வெளியே வந்தால், வரிசையாக ஆட்கள் பெயர்ப் பலகையோடு நிற்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே ஒருவன் கையில் மட்டும் தமிழில் பெரிய எழுத்து. 'கோ. குற்றாலலிங்கம், கோவில்பட்டி.' ஒரு எழுத்துப் பிழை இல்லை.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊரில் என் பெயரைத் தமிழில் யார் எழுதுவார்கள்? அதுவும் இவ்வளவு சரியாக? முப்பது வருடம் காகிதங்களைப் பார்த்தவன் நான். உண்மையான காகிதத்தில்தான் தப்பு இருக்கும். போலிக் காகிதம் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

"யார்ப்பா எழுதுனது?" என்று கேட்டேன்.

"மேடம் கொடுத்தாங்க சார். நான் பிரின்ட் போட்டேன்" என்றான். பெயர் சன்னப்பா. தமிழும் கன்னடமும் கலந்து பேசினான். என் பையை வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. வண்டி எண்ணைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தால், சீட்டில் ஒரு டப்பா. இட்லி.

"சார், இட்லி சாப்பிடுங்க. ஆமேலே மாத்திரை. சுகர் மாத்திரை" என்கிறான். ஆமேலே என்றால் அப்புறமாம்.

எனக்குச் சர்க்கரை இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? என் டாக்டருக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியும். எங்கிருந்தோ என் விவரமெல்லாம் கசிந்திருக்கிறது, தம்பி! ரயிலில் பிஸ்கட் கொடுத்து மயக்கிப் பையைத் தூக்கிப் போகிறவர்களைப் பற்றி நான் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இங்கே இட்லி. சட்னிகூடத் தனியாக வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சட்னி இல்லை, தக்காளிச் சட்னி. எனக்குத் தேங்காய் ஆகாது. அதுவும் தெரிந்திருக்கிறது!

டப்பாவைத் தொடவில்லை. அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்து, "சார், நம்பர் ஹேளி" என்றான். நம்பரைச் சொல்ல வேண்டுமாம்.

"என்ன நம்பர்?"

"போன்ல வந்திருக்கும் சார். நாலு நம்பர். அது போட்டாத்தான் வண்டி போகும்."

வண்டி சாவியால் போகும் தம்பி. நம்பரால் போகுமா? இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இது தினமும் நடக்கிற காரியம். எனக்கு யாரும் சொல்லவில்லையே. அந்த நம்பர் முந்தின நாளே வந்திருந்தது. நான் மனப்பாடம் செய்துகொண்டு யாரும் பார்க்காமல் அழித்துவிட்டேன். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

அவன் கேட்கிறான். நான் முடியாது என்கிறேன். "நான் யார்னு தெரியுமாப்பா உனக்கு?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. "பேக சார், பேக" என்கிறான். சீக்கிரமாம். பார்த்தீர்களா, அவசரப்படுத்துகிறான்! முதல் அடையாளமே அதுதான். உடனே என் போனை அணைத்தேன். சந்தேகம் வந்தால் தொடர்பைத் துண்டி, பிறகு யோசி. அது நானே சொல்லிக்கொடுத்த பாடம்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? மணப்பெண்ணை முகூர்த்த நேரத்தில் யாராவது போனில் கூப்பிடுவார்களா? அதோடு, சொன்னேனே. நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்?

சன்னப்பா தன் போனில் யாருடனோ கன்னடத்தில் பேசினான். பேசிவிட்டு, "மேடம் சார், பேசுங்க" என்று என் காதருகே நீட்டினான்.

"அப்பா" என்றது போன்.

செண்பகத்தின் குரல்தான். அப்படியே அவள் குரல். பின்னால் நாயனச் சத்தம்கூடக் கேட்டது. "அப்பா, அந்த நம்பரை அவர்ட்ட சொல்லுங்கப்பா. நேரமாகுதுப்பா." குரல் தழுதழுத்தது.

தம்பி, நான் கூட்டங்களில் சொல்வதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள். அவசரப்படுத்துவார்கள். அழுவார்கள். இப்போதெல்லாம் இயந்திரத்தை வைத்து நம் வீட்டுப் பிள்ளையின் குரலிலேயே பேசுவார்கள். நம்பரைக் கேட்பார்கள். எல்லாம் வரிசையாக நடந்தது. நான் பேசிய பேச்சை யாரோ என் முன்னாலேயே நடத்திக்காட்டுவது போல இருந்தது.

ஆனாலும் நான் அவசரப்பட்டு முடிவு செய்கிறவன் இல்லை. பாங்கில் ஆள் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி வைத்திருப்போம். சொந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். நானும் கேட்டேன்.

"உனக்கு ரொம்பப் பிடிச்ச டீச்சர் யாரு?"

"இப்பவாப்பா?" என்றது குரல்.

"பதில் சொல்லு."

"ஸ்டெல்லா மிஸ்."

போனைத் தள்ளிவிட்டேன். தப்பான பதில்! செண்பகத்துக்குப் பிடித்த டீச்சர் லோகநாயகி டீச்சர். கணக்கு டீச்சர். எனக்குத் தெரியாதா? நான்தானே அவரிடம் டியூஷன் சேர்த்துவிட்டேன்? பத்தாம் வகுப்பு முடிகிறவரை நான்தானே தினமும் கொண்டுபோய் விட்டேன்?

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவன் பின்னாலேயே வந்தான். நான் காவலுக்கு நின்றவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்பர் சொல்லுங்க சார், எல்லா வண்டியிலயும் கேப்பாங்க" என்றார். அவரும் கூட்டு. வேறு என்ன நினைப்பது? ஒரே இடத்தில் ரெண்டு பேர் ஒரே வார்த்தை சொன்னால் பேசிவைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

அரசாங்க பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. ஏறினேன். உட்கார்ந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. பெருமையாகக்கூட இருந்தது. இந்த வயதிலும் தப்பிவிட்டோமே என்று. கோவில்பட்டியில் அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அந்த வண்டி வருகிறது! பஸ் வேகமாகப் போனால் வேகமாக வருகிறது. பஸ் நின்றால் நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம். காலியாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஒருவன் எதற்காகப் பஸ் பின்னாலேயே வரவேண்டும்? அப்போதுதான் பயந்துவிட்டேன் தம்பி. அதுவரை சந்தேகம்தான். பிறகு பயம்.

ஒரு பெரிய மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றதும், கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, பூக்காரியின் குடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், பட்டு வேட்டி வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பஸ் பின்னால் போய்விட்டான். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு முழம் பூ நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பிறகு ஒரு ஆட்டோ. அந்த ஆட்டோக்காரன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, நம்பர் கேட்கவில்லை. அதனால் நம்பினேன். ஊரெல்லாம் சுற்றி, அதே பெயரில் இருக்கிற வேறொரு ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டான். அங்கே ஏதோ மருந்துக் கம்பெனிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சால்வையோடு வரவேற்றார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இப்படி வரவேற்க மாட்டார்களே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். மேடையில் எங்கே பெண்ணைக் காணோம் என்று தேடினேன். அந்தக் கதை வேண்டாம்.

கடைசியில் சரியான ஓட்டலுக்கு நான் வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் போய்விட்டது. இன்று வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் பத்தரை வரைக்கும்தான். அதற்குப் பிறகு ராகு காலம். நான் வந்தது ராகு காலத்தின் நட்டநடுவில்.

வாசலில் யார் நிற்கிறான் என்கிறீர்கள்? சன்னப்பா! இட்லி டப்பாவோடு நிற்கிறான்!

"அதோ, அவன்தான்! பிடிங்க அவனை! காலையில இருந்து என்னைத் துரத்துறான்!" என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். வைரவன் வந்து என் கையைப் பிடித்தான்.

"அத்தான், வாயை மூடிக்கிட்டு உள்ள வாங்க. இவரைப் பஸ் பின்னாலேயே போகச் சொன்னது நம்ம பிள்ளைதான். நீங்க எங்கயாவது இறங்கித் தொலைஞ்சு போயிருவீங்கன்னு."

"என்னையா? நான் தொலைவேனா?"

"தொலைஞ்சுதானே வர்றீங்க" என்றான்.

சரி, நடந்தது நடந்தது. தாலி கட்டியிருப்பார்கள், வைரவன் தாரை வார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்காக யாரும் காத்திருக்கவில்லை பார்த்தாயா என்று கேட்பதற்கு ஒரு வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன்.

உள்ளே பாதி நாற்காலி காலி. நாயனக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அய்யர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள், மாலையோடு. கழுத்தில் தாலி இல்லை.

நல்ல நேரத்தை விட்டுவிட்டாள், தம்பி! தெரிந்தே விட்டிருக்கிறாள். அய்யர் சொன்னாராம், வைரவன் சொன்னானாம், மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து நின்று சத்தம் போட்டாராம். "அப்பா வரட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெரியம்மா இலையில் கை வைக்காமல் கிளம்பிப் போய்விட்டாராம். மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செண்பகத்திடமும் பேசவில்லை. முதல் நாளே இப்படி இருக்கிறார்கள். நான் அப்போதே விசாரிக்க வேண்டும் என்று சொன்னேனா, இல்லையா?

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். மாலை கனத்தது. "வந்துட்டீங்களா? ஏதாவது சாப்ட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்றாள். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா? பையிலிருந்த பட்டு வேட்டியைக் கட்டக்கூட நேரமில்லை. பஸ்ஸில் கசங்கிய பேன்ட்டோடு, ராகு காலத்தில், அவள் கையைப் பிடித்து அந்தப் பையன் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. ஏ.சி. அதிகம் அங்கே.

அப்புறம் பந்தியில் என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். "சார், நான் ஸ்டெல்லா. செண்பகத்துக்கு ஏழாவதுல டிராயிங் டீச்சர்" என்றார். டிராயிங் டீச்சராம். "என்னமா வரைவா உங்க பொண்ணு! இன்னும் அனுப்புவா சார் எனக்கு, வரைஞ்சு வரைஞ்சு" என்கிறார். அவள் ஒரு படம் வரைந்துகூட நான் பார்த்ததில்லை. அப்படியானால் லோகநாயகி டீச்சர்? நான் கேட்டேன். "அந்த டீச்சரைக் கண்டா நடுங்குவாளே" என்று சிரித்தார். இதையெல்லாம் என்னிடம் யார் சொன்னார்கள்? சொல்லாத விஷயத்தை நான் எப்படிச் சரிபார்ப்பது?

காலையில் பேசியது அவள்தான், அது தெரிந்துவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான் தம்பி. ஏன் காத்திருந்தாள்?

எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன். என் கையெழுத்து ஏதாவது வேண்டியிருக்குமோ? வீட்டு விஷயமாக? யாரும் எதையும் நீட்டவில்லை. இந்த மனிதரால்தான் நல்ல நேரம் போயிற்று என்று எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவா? அப்படியானால் அவளே முன்னால் நின்று ஏச்சு வாங்குவாளா? தாய்மாமன் தயாராக நிற்கிறான். கட்டப்போகிறவனும் தயாராக உட்கார்ந்திருக்கிறான். போகிற வீட்டில் முதல் நாளே கெட்ட பெயர். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? எதுவும் இல்லாமல் யாராவது இப்படிச் செய்வார்களா?

நீங்கள் வந்து நின்றபோது, வண்டிவரைக்கும் கூட வந்தாள் அல்லவா? அப்போது நேராகவே கேட்டுவிட்டேன். "எதுக்குக் காத்திருந்தே?" என்று.

"வர்றேன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

அவ்வளவுதான். இது ஒரு பதிலா? ஒருவர் வருகிறேன் என்று சொன்னால், அதை அப்படியே நம்பிவிடுவதா? எந்தச் சான்றும் இல்லாமல்? நான் வளர்த்த பெண், தம்பி. நான் வளர்த்த பெண் இப்படி இருக்கிறாள்.

உங்கள் போன் ஏதோ சத்தம் போடுகிறதே. யார்? ஓட்டும்போது பார்க்காதீர்கள். என்ன? என் மகளா? அவள் எதற்கு உங்களுக்கு அனுப்புகிறாள்? உங்கள் நம்பர் அவளிடம் எப்படி?

புக் செய்தவர்கள் போனில் தெரியுமா? என்ன தெரியும்? வண்டியா? வண்டி போகிறதும் நிற்கிறதும் எல்லாமா?

இப்போது நாம் இந்தத் தெருவில் போவதை அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

அப்படியானால் காலையிலும்? சன்னப்பா வண்டி அங்கே நிறுத்துமிடத்தில் கிடந்ததே, ரொம்ப நேரம். அதுவும் தெரிந்திருக்குமா? பஸ் பின்னால் வந்தது? பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றது? மண்டபத்து வாசலில் வந்து நின்றதும், அதில் நான் இல்லாததும்?

மேடையில் அவள் மடியில் போன் இருந்தது தம்பி. பட்டுப் புடவை மடிப்புக்குள். மணமேடையில்கூடப் போனை விடுகிறாளா பார் என்று நினைத்தேன். அதற்குத்தானா?

இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுங்கள்.

காப்பியா? வேண்டாம். அந்தக் கடையில் நிறுத்த வேண்டாம். நல்ல காப்பியாகவே இருக்கட்டும், வேண்டாம். வண்டி நின்றால் அவளுக்கு நிற்பதாகத்தானே தெரியும்? எதற்காக நிற்கிறது என்று தெரியாது அல்லவா? இறங்கிவிட்டேன் என்று நினைப்பாள். மெதுவாகப் போனாலும் சரி, நிற்காமல் போங்கள்.

ஏன் வேகத்தைக் குறைக்கிறீர்கள்? சிக்னலா? சிவப்பா? எவ்வளவு நேரம் நிற்கும் இது? இவ்வளவு வண்டி நிற்கிறதே முன்னால். வேறு வழி இல்லையா? சரி, சரி, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு நிமிஷம் தம்பி. அந்தப் பாட்டை அணையுங்கள். என் போன் எங்கே, சட்டைப் பையில்தான் வைத்தாள். இதில் அவளோடு கடைசியாகப் பேசியது எங்கே இருக்கும்? பேசி ரொம்ப நாளாகிவிட்டது, கீழே போயிருக்கும். இதோ. வந்துவிட்டது.

செண்பகம்? அப்பாதாம்மா பேசுறேன். அப்பாதான். ஆமா, நானேதான். ஒண்ணும் இல்லை, பயப்படாதே. இறங்கலை. சிக்னல்ல நிக்குது வண்டி. சிக்னல்மா, வேற ஒண்ணும் இல்லை.